நாரைகளுக்கு ஒரு கோச்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வருவதற்குள் எங்கள் தலைமைக் கோச்சை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அவர் அப்போது சர்ச்சுக்குள்தான் இருந்தார். கடைசி ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம், அவர் எழவில்லை. பின்வரிசையிலிருந்த எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

குறை சொல்லவும் முடியாது. நாரைகள் என்பது எங்கள் கார்வெல் கல்லூரி அணியின் பெயர், அந்த வருஷம் பதினொரு ஆட்டம் ஆடி ஒன்றில்தான் ஜெயித்தோம். அதுவும் எதிரணியின் பஸ் பனியில் மாட்டிக்கொண்டு, பையன்கள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வந்து இறங்கிய அன்று. கடைசி ஆட்டத்தில் பாதிரியார் படிப்பு படிக்கிற பிள்ளைகளிடம் ஐம்பத்திரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு முறை எங்கள் ஆளைக் கீழே தள்ளும்போதும் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். அமெரிக்காவில் எங்கள் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பேர்தானே தவிர, பந்தில் கால் படுவது எப்போதாவதுதான். எங்கள் ஆட்களுக்கு அன்று கைகூடப் படவில்லை.

நான் மார்லிஸ். என் புருஷன் ஆர்லோ அந்த அணியில் உதவிக் கோச். எதிரணிக்காரன் பந்தோடு முன்னேறாமல் மறித்து நிற்கிற குண்டுப் பையன்களைப் பழக்குவது அவன் வேலை. இந்தத் தொழிலில் தலைமைக் கோச் போனால் உதவிக் கோச்சுகளும் கிளம்ப வேண்டியதுதான். புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். இருபத்துமூன்று வருஷத்தில் நாங்கள் எட்டு ஊரில் பதினொரு வீடு பார்த்துவிட்டோம்.

போன ஊரிலெல்லாம் நான் ஆஸ்பரகஸ் நட்டேன். அந்தத் தண்டுக்காய் நட்ட மூன்றாம் வருஷம்தான் அறுக்கத் தரும். மூன்றாம் வருஷம் நாங்கள் அந்த ஊரில் இருக்க மாட்டோம். ஏழு ஊரில் யார் யாரோ என் ஆஸ்பரகஸை வெண்ணெயில் வதக்கித் தின்றுகொண்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். கார்வெல்லில்தான், தூக்கப்பட்ட கோச் ஏழு வருஷம் தாக்குப்பிடித்த புண்ணியத்தில், நான் நட்டதை நானே தின்றேன். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இதை அழகாகச் சுற்றி வளைத்துச் சொல்ல வரவில்லை. போக இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜீனிக்கும் அதே நிலைமை. அவள் புருஷன் ரோலி, நாங்கள் பந்தை வைத்திருக்கும்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற கோச். ஏழு வருஷமாக மைதானத்தில் நானும் ஜீனியும் ஒரே கம்பளியை நான்கு முழங்காலுக்கும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ரோலி நல்ல மனிதன், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறவன். ஆனால் பந்தை முன்னேற்றக் கிடைக்கிற நான்கு முயற்சியில் மூன்றாவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் ஓடச் சொல்வான். பாப்கார்ன் விற்கிற லோயிஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் "வலது பக்கம்" என்பாள். எதிரணிக்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

திங்கட்கிழமை கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் கென்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆர்லோவைவிடப் பத்து வயது சின்னவர். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடலாம் என்பதுபோல.

"கோச், புது ஆள் வர்ற வரைக்கும் நீங்கதான் டீமைப் பாத்துக்கணும்," என்றார்.

"சரி," என்றான் ஆர்லோ.

"நீங்களும் விண்ணப்பம் போடுங்க. உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கட்டும்."

"எத்தனாவதா?" என்று நான் கேட்டேன்.

கென்ட் காபியைக் குடித்தார். "அப்புறம் மார்லிஸ், உங்ககிட்ட ஒரு உதவி. பாக்க வர்ற ஆளுங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு இங்கேயே போட்டுட முடியுமா? ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா ஊரே பாத்துடும். இது பரம ரகசியம். ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர ஆர்லோ போகட்டும். என் காரை எல்லாருக்கும் தெரியும்."

என் புருஷன் வேலைக்கு ஆள் பார்ப்பார்களாம், அந்த ஆளை என் புருஷனே காரில் ஏற்றி வருவானாம், நான் சமைத்துப் போடுவேனாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்லோ சரி என்றுவிட்டான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் நன்றாக வரும்.

பரம ரகசியம் என்று கென்ட் சொன்னது மறுநாள் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் ஆள் தேடுவதை ஒளித்துச் செய்யவே முடியாது, காரணம் டெல்பர்ட்டின் விமானம். டெல்பர்ட் வயலுக்குத் தண்ணீர் தெளிக்கிற இயந்திரம் விற்றுக் கொழித்தவர். மைதானத்து ஸ்கோர் பலகையில் அவர் பெயர்தான் அணியின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். கல்லூரி யாரையாவது கூட்டிவர வேண்டுமென்றால் அவருடைய குட்டி விமானம்தான் போகும். அதன் வால் நம்பர் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். சொந்தக் கல்யாண நாளை மறப்பவர்கள்கூட அதை மறக்க மாட்டார்கள். போனில் அந்த நம்பரைத் தட்டினால் விமானம் எங்கே பறக்கிறது என்று புள்ளியாகத் தெரியும். டோனட் கடையில் பெரிய மனிதர்களெல்லாம் காலையில் போனைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு "நாரைக் கூடு" என்று இணையத்தில் ரசிகர்கள் அரட்டை அடிக்கிற இடத்தில், புனைபெயரில் ஆளாளுக்கு எழுதுவார்கள். ஜீனி அங்கே "பழைய டிராக்டர்" என்ற பெயரில் எழுதுவாள். அவளை எழுபது வயது விவசாயி என்று நினைத்துப் பலபேர் முதுகுவலிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். சொல்லியும் இருக்கிறாள்.

முதலில் வந்தவர் அயோவாக்காரர். என் வீட்டில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, சோபாவில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, போகிற வழியிலேயே வேறு கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவதாக ஆர்லோவை கென்ட் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுப் பேசியது பதினொரு நிமிஷம். அதில் நான்கு நிமிஷம் அந்த அறையின் காபி மெஷினை அவன் சரிசெய்து கொடுத்தானாம். "இப்ப நல்லா ஓடுது," என்று வந்து சொன்னான்.

மூன்றாவதாக வந்தவர் டிரிப் லனியர். ஜார்ஜியாக்காரர், அங்கே ஒரு கல்லூரியில் உதவிக் கோச், முப்பத்துமூன்று வயது. அவர் சிரித்தால் என் சமையலறையில் விளக்குப் போடத் தேவையில்லை. ஊருக்கு அவரைப் பார்க்காமலே பிடித்துப்போயிருந்தது. நான் எங்கள் நெப்ராஸ்காவில் எல்லோரும் செய்வதுபோல சில்லி என்கிற காரமான கறி பீன்ஸ் குழம்பும், சினமன் ரோல் என்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் செய்திருந்தேன்.

"மேடம், இந்த ஸ்வீட்டு கடைசியில சாப்பிடறதுங்களா?" என்று ரோலைக் காட்டிக் கேட்டார்.

"இல்லைங்க, சில்லியோடயேதான். தொட்டுச் சாப்பிடுங்க."

"காரத்துல ஸ்வீட்டையா?"

ஆர்லோ ஒரு விள்ளல் பிய்த்துச் சில்லியில் முக்கித் தின்று காட்டினான். டிரிப்பும் அப்படியே செய்து, மெதுவாக மென்று, "வித்தியாசமா இருக்கு," என்றார். ஜார்ஜியாவில் நாங்கள் இரண்டு வருஷம் இருந்திருக்கிறோம். அங்கே அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். படம் படமாக ஓட்டினார். எல்லாப் படத்திலும் ஏதோ ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இங்க மொத்தத்தையும் துடைச்சுக் கழுவணும்," என்றார். "இப்ப இருக்கற கோச்சுங்கள்ல ஒருத்தர்கூட வேண்டாம். எல்லாம் பழைய சரக்கு. என் ஆளுங்க ரெடியா இருக்காங்க."

"நல்லது," என்றான் ஆர்லோ. "இன்னும் கொஞ்சம் சில்லி போடட்டுமா?"

"போதுங்க. ஆமா, நீங்க இந்தக் காலேஜ்ல எத்தனை வருஷமா டிரைவரா இருக்கீங்க?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மேசைக்கு அடியில் ஆர்லோவின் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஏழு வருஷம்," என்றான் அவன்.

டிரிப்பைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீ யாருன்னு ஏன் சொல்லல?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு மார்லிஸ். சொல்லியிருந்தா பாவம், சங்கடப்பட்டிருப்பாரு."

இந்த மனுஷனோடுதான் எட்டு ஊர் சுற்றினேன். மறுநாள் ஜீனியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சில்லியில பேதி மருந்து கலந்திருக்கணும்டி நீ," என்றாள்.

"தோணிச்சு."

"தோணினா செய்யணும். ரோலி இப்பவே தெற்கு டக்கோட்டாவுக்குப் போன் போட ஆரம்பிச்சுட்டான். அங்க நம்மாளு ஒருத்தன் இருக்கானாம். தெற்கு டக்கோட்டாடி. மேப்புலகூட அங்க குளிருது."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளே போன் செய்தாள். "பிளேன் கிளம்பிடுச்சு. வா."

அவள் சமையலறை மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். புள்ளி தெற்கே போனது, பிறகு கிழக்கே திரும்பியது. மிசௌரி, டென்னஸி. ஒவ்வொரு மாநிலம் தாண்டும்போதும் ஜீனி ஒரு பிஸ்கட் தின்றாள். பதினோரு மணி சுமாருக்குப் புள்ளி ஜார்ஜியாவில் இறங்கியது. டிரிப்பின் கல்லூரியிலிருந்து இருபது மைல். அரை மணி நேரத்தில் திரும்பக் கிளம்பியும்விட்டது.

"முடிஞ்சுது," என்றேன்.

ஜீனி போனை எடுத்து நாரைக் கூட்டில் தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். பழைய டிராக்டர் எழுதியிருந்தார்: *ஜார்ஜியாவில் ஏற்றியாகிவிட்டது. மூன்று மணிக்கு எல்லோரும் ஏர்போர்ட்டுக்கு வாருங்கள்.*

"நம்மளைத் துரத்தப்போறவனை வரவேற்க நீயே ஆள் கூட்டறியா?"

"எப்படியும் தெரியத்தான் போவுது. முதல்ல சொன்ன பேராவது எனக்கு வரட்டும்."

உள்ளூர் ரேடியோக்காரன் உடனே கென்ட்டைப் பிடித்தான். கென்ட்டுக்கு ஒன்றும் தெரியாது. டெல்பர்ட்டுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், டெல்பர்ட் வானத்தில் இருந்தார். தன்னைக் கேட்காமல் கிழவர் தானே பேசி முடித்துவிட்டார் என்று நினைத்தவர், எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டார். "இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கில்லை. ஆனா நாரை ரசிகர்கள் சந்தோஷப்படுவாங்க," என்று ரேடியோவில் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த போனை ஆர்லோவுக்குப் போட்டார்.

"கோச், இந்தத் தடவை அமையலை. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரி," என்றான் ஆர்லோ. பிறகு உள்ளே போய் நல்ல டையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

புதுக் கோச் வந்து இறங்கும்போது பழைய உதவிக் கோச்சுகள் வரிசையாக நின்று கைகுலுக்க வேண்டும். யார் ஏற்படுத்தினார்களோ, எல்லா ஊரிலும் இந்தச் சடங்கு உண்டு. கைகுலுக்குகிற அந்த இரண்டு விநாடியில், இந்த ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று புதியவருக்குத் தோன்றிவிடாதா என்று ஒரு நப்பாசை. எனக்குத் தெரிந்து யாருக்கும் தோன்றியதில்லை.

ஏர்போர்ட் என்பது ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஒரு துணிப் பை. அன்று அங்கே ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். கல்லூரியின் பேண்ட் வாத்தியக் குழு முழுக்க வந்திருந்தது. குளிரில் ஊதுகுழல் உதட்டில் ஒட்டாமலிருக்கப் பிள்ளைகள் அதைக் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்தார்கள். கென்ட் புதுத் தொப்பியும் புது ஜாக்கெட்டும் ஏந்திக்கொண்டு முன்னால் நின்றார். ஆர்லோ, ரோலி, மற்ற மூன்று உதவிக் கோச்சுகள் ஒரு பக்கமாக வரிசையில். ரோலி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

விமானம் இறங்கி, உருண்டு வந்து நின்றது. பேண்ட் முழங்கியது. கதவு திறந்தது. வெள்ளையில் பழுப்புத் திட்டுப் போட்ட ஒரு வேட்டை நாய் படியில் இறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் டெல்பர்ட்.

"எதுக்குப்பா இவ்ளோ கூட்டம்?" என்றார். "யாரு செத்துட்டா?"

பேண்ட் ஒவ்வொருவராக நின்றது. பெரிய டிரம் அடிக்கிற பையன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் அடித்தான்.

"கோச் எங்க?" என்று கென்ட் கேட்டார்.

"எந்தக் கோச்சு?"

"டிரிப்."

"அவன் எதுக்கு என் பிளேன்ல வர்றான்? நான் நாய் வாங்கப் போனேன். ஜார்ஜியாவுல இதுக்குன்னே ஒரு குடும்பம் இருக்கு, மூணு தலைமுறையா காடை புடிக்கிற நாய்தான் வளர்க்கறாங்க." பிறகு கென்ட்டின் கையைப் பார்த்தார். "அந்தத் தொப்பி யாருக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். குளிரில் அவ்வளவு தூரம் வந்தது வீணாகக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, நாய்க்குக் கைதட்டினார்கள். "இதையே வெச்சுக்கலாம்பா, மூணு வருஷமாவது தங்கும்," என்று டோனட் கடைக்காரர் கத்தினார். பேண்ட் மறுபடியும் ஆரம்பித்ததும் நாய் மிரண்டு ஓடுபாதையில் ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தவன் ஆர்லோ. நூற்றுமுப்பது கிலோ பையன்களை மறித்துப் பழகியவனுக்கு நாய் எம்மாத்திரம்.

அந்த நேரத்தில்தான் கென்ட்டுக்குப் போன் வந்தது. திரும்பி நின்று பேசினார். பேசப் பேச ஏந்தியிருந்த ஜாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. டிரிப்தான் பேசியிருக்கிறார். எங்கள் ரேடியோ செய்தி எப்படியோ ஜார்ஜியா வரை போய், ஆள் கைநழுவிவிடும் என்று பயந்த அவருடைய கல்லூரி மதியமே அவரைத் தலைமைக் கோச்சாக்கிவிட்டதாம். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொண்டு ஆர்லோ வந்தான். கென்ட் அவன் எதிரில் போய் நின்றார். வேறு ஆளே பாக்கியில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"கோச், மத்தியானம் நான் போன்ல சொன்னேனே."

"ஆமா."

"அதை மறந்துடுங்க. வேலை உங்களுக்குத்தான். இப்பவே இந்த ஜனங்க முன்னால சொல்லிடறேன்."

ஆர்லோ ரோலி நின்ற பக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்," என்றான்.

நான் நான்கடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜீனி என் விலாவில் இடித்தாள். "போடி, போய்ச் சரின்னு சொல்லு. என்ன யோசனை அவனுக்கு? நாம எல்லாரும் பொழைச்சோம்டி," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் ஆர்லோவைக் காருக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"உனக்குப் பைத்தியமா? இதுக்கு என்னை எதுக்குக் கேக்கணும்?"

"நான் எடுத்துக்கிட்டா ரோலியை வெச்சுக்க முடியாது மார்லிஸ்."

"கென்ட் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன்."

காரின் கண்ணாடியில் எங்கள் மூச்சு படர்ந்துகொண்டிருந்தது. அதன் வழியாக ஜீனி ரோலியின் கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பது மங்கலாகத் தெரிந்தது.

"வலது பக்கம்," என்றான் ஆர்லோ. "பதினொரு ஆட்டத்துலயும். எத்தனை தடவ சொல்லியிருப்பேன். சரி சரிங்கறான், மறுபடியும் வலது பக்கம்தான் போறான். அவனை வெச்சுக்கிட்டா அடுத்த வருஷமும் இதேதான். பசங்க அடி வாங்கிட்டு வந்து என்னைப் பாக்குறாங்க, எனக்குத் தாங்கல. நான் கோச்சுன்னா கோச்சா இருக்கணும். இல்லாட்டி வேண்டாம். நீ வேண்டாம்னா சொல்லு, வேற ஊர் பாத்துக்கலாம்."

அவன் அப்படியே செய்வான், முகம்கூடச் சுளிக்க மாட்டான். எட்டு ஊரில் வந்த எத்தனையோ புதுக் கோச்சுகளின் பெண்டாட்டிகளை நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். அவர்களும் இப்படி ஒரு காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜீனியும் நானும் பழைய மாதிரியே இருந்திருப்போம், வேறு வேறு ஊரில்.

"எடுத்துக்கோ," என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவன் காதில் விழவில்லையோ என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அவன் தலையாட்டினான். "ரோலிகிட்ட நான் இங்கேயே பேசிடறேன். ஜீனிகிட்ட?"

"நான் சொல்றேன்."

இதுவரை எங்களிடம் யாரும் நேரில் வந்து சொன்னதில்லை. ஒரு ஊரில் ரேடியோ சொன்னது. இன்னொரு ஊரில் கார்க் கண்ணாடித் துடைப்பானில் செருகிய கடிதம். மூன்றாவது ஊரில் மருந்துக்கடைப் பெண் "பாவம் நீங்க" என்று கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. என்னால் ஆனது, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற புல்தரையைத் தாண்டி நடந்து போவதுதான். போனேன்.

ஜீனி கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். "அந்த நாய்க்கு ஒரு முழுக் கோழி வாங்கிப் போடணும்டி. ரோலி எங்க, இன்னும் காணோம்?"

"ஜீனி, ரோலிக்கு வேலை இல்ல."

அவள் கைகள் என் முதுகிலிருந்து இறங்கின. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "கென்ட்டா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம். "ஆர்லோ. என்னைக் கேட்டான். நான் சரின்னேன்."

அவள் மேசையில் கிடந்த பிஸ்கட் துணுக்குகளைக் கையால் கூட்டித் தள்ளினாள். "வலது பக்கமா?"

"ஆமா."

"நானும் சொல்லிப் பாத்தேன் அந்த மனுஷன்கிட்ட," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள். நானும் அழுதேன். அவள் பாத்திரம் துடைக்கிற துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பல்லுக்காரன் டிரிப் வந்திருந்தா ரெண்டு பேருமே கிளம்பியிருப்போம். இப்ப ஒருத்தியாவது மிச்சம். ஆனா ஒரு வாரத்துக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியாது என்னால. அப்புறமா வா."

"சரி," என்றேன். ஆர்லோவின் வார்த்தை எனக்கும் தொற்றியிருந்தது.

வாசலைத் தாண்டிய என்னைக் கூப்பிட்டாள். "மார்லிஸ். உன்கிட்ட அட்டைப்பெட்டி இருக்கா? நான் எல்லாத்தையும் போட்டு எரிச்சுட்டேன், இனிமே எங்கயும் போகப்போறதில்லன்னு."

என் வீட்டு நிலவறையில் இருந்தது. மடித்து, கயிறு போட்டு, கட்டுக் கட்டாக. இருவரும் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தோம். பெட்டிகளின் மேல் என் கையெழுத்தில் சமையலறை, படுக்கையறை, குளிர்கால உடுப்பு என்று எழுதி, ஊர்ப் பெயர் ஒன்றை அடித்து இன்னொன்று, அதை அடித்து இன்னொன்று. ஜீனி நின்று எல்லாவற்றையும் படித்தாள். பிறகு ஒரு கட்டைப் பிரித்து என் படிக்கட்டில் வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு?" என்றேன்.

"நீ இப்ப தலைமைக் கோச்சு பொண்டாட்டிடி. எங்களையெல்லாம்விடச் சீக்கிரமா உனக்குத் தேவைப்படும்."

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மீதியை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். படிக்கட்டிலிருந்த கட்டை மறுபடியும் கீழே எடுத்துப்போய், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.